அரைப்படி ஏற்றிய தந்தி

வாத்தியக் குழுவில் வயோலாக்காரர்களைப் பற்றிச் சொல்லப்படாத கேலி பாக்கி இல்லை. வயலினைவிடக் கொஞ்சம் பெரிசு, செல்லோவைவிட ரொம்பச் சிறிசு, இரண்டுங்கெட்டான். கல்யாண போட்டோவில் இரண்டாவது வரிசையில் நிற்கிற சித்தப்பா மாதிரிதான் அதன் பிழைப்பு. இல்லாவிட்டால் இடம் ஓட்டையாகத் தெரியும், இருந்தால் யாரென்று யாருக்கும் தெரியாது. அந்தச் சித்தப்பாக்கள் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரைத்தான் எல்லோரும் 'தலைவர்' என்று கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். அவர் முழுசையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். தலை நரைத்து, ஓய்வு வாசலில் வந்து நிற்கிற வயசில் மனுஷனுக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

அவருக்குப் பக்கத்து நாற்காலி எலியுடையது. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, ஒரு தாள் என்பது அங்கே வழக்கம். சபையைப் பார்த்த பக்கம் தலைவர் உட்காருவார். உள்பக்கம் இருக்கிறவன் பக்கம் புரட்டுவான். அவர் புருவத்தைக்கூட அசைக்க வேண்டாம், சரியான இடத்தில் பக்கம் புரண்டிருக்கும். அப்படி ஒரு பொருத்தம்.

எலி அவருடைய மனைவியின் தம்பி. குழுவில் சேர்ந்த புதிதில், கல்யாணமாகாமல் கண்ட கடையில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்த தலைவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனவன் அவன்தான். "சாப்பாடு போடத்தான் கூப்பிட்டேன், அக்காவையே கொண்டுட்டுப் போயிட்டாரு" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். மூச்சுக்கு முந்நூறு தரம் 'மாமா' போடுவான். மாமா, பென்சில் இருக்கா. மாமா, அந்த ஓபோ ஊதுறவர் தலையைப் பாருங்க. மாமா, தூங்கிட்டீங்களா.

எலி என்ற பெயர் அவன் உருவத்தால் வந்ததில்லை. ஆள் நல்ல வாட்டசாட்டம். நூலகம் நூலகமாகப் போய் நிலவறைகளைக் குடைகிறவன் என்பதால் வந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி ரொமாண்டிக் காலம் என்று ஒன்று இருந்தது. புயலுக்கும் காட்டுக்கும் தனிமைக்கும் சாவுக்கும் எல்லோரும் உருகி உருகி இசை எழுதிய காலம். பியானோவுக்கும் வயலினுக்கும் அந்தக் காலத்தில் வண்டி வண்டியாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வயோலாவை முன்னால் நிறுத்தி எழுதியது மட்டும் கைவிரல் விட்டு எண்ணுகிற கணக்கு. "எழுதாம இருந்திருக்க மாட்டாங்க மாமா. எழுதியிருப்பாங்க. எவனும் எடுத்து வெக்கலை, அவ்வளவுதான்" என்பது எலியின் வாதம். விடுமுறை வந்தால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். இவன் தும்மிக்கொண்டே எங்கேயாவது தூசியில் உட்கார்ந்திருப்பான்.

அப்படித் தும்மித் தும்மிச் சில உருப்படிகளைக் கண்டெடுத்திருந்தான். எல்லாம் சின்னச் சின்னவை. கடைசியில் ஒருநாள் பெரிய மீன் மாட்டியது. ஏதோ ஒரு நாடகக் கொட்டகையில் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வயோலா வாசித்தே செத்துப்போன ஒரு மனுஷன், தன் வாத்தியத்துக்கென்று மூன்று பாகமாக எழுதிவைத்த கச்சேரி உருப்படி. ஒருவர் முன்னால் நின்று வாசிக்க, முழுக் குழுவும் பின்னால் இருந்து தாங்குகிற ரகம். ஒவ்வொரு வாத்தியத்தின் தாள்களும் தனித்தனிக் கட்டாகக் கிடந்தன. எலி அவற்றைச் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து சேர்த்து எழுதினான். இரண்டாம் பாகத்தின் மெட்டை முதன்முதலாகத் தலைவருக்கு வாசித்துக் காட்டியபோது அவன் கண் கலங்கியிருந்தது. தலைவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இப்படி ஒன்று இருந்தும் இத்தனை வருஷம் தாம் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிட்டோமே என்ற வயிற்றெரிச்சல் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

ஆனால் உருப்படியில் ஒரு வில்லங்கம். முன்னால் நின்று வாசிக்கிறவருக்கான தாள் ஒரு சுருதியில் இருந்தது, குழுவின் தாள்கள் அத்தனையும் அதைவிட அரைப்படி, அதாவது அரை ஸ்வரம், மேலே இருந்தன. இரண்டையும் சேர்த்து வாசித்தால் காது கிழிந்துவிடும். தனித் தாளின் முதல் பக்கமோ, குறிப்பு ஏதாவது இருந்திருந்தால் அதோடு சேர்த்து, கிழிந்து போயிருந்தது. எலி இதற்கும் ஒரு வரலாறு கண்டுபிடித்தான். வீட்டில் பியானோவோடு வாசிக்க அச்சடித்த பிரதி ஒன்று அவனிடம் இருந்தது. அதுவும் கீழ்ச் சுருதியில்தான் இருந்தது. ஆகவே ஆசாமி முதலில் கீழே எழுதியிருக்கிறார், அப்புறம் குழுவுக்காக எல்லாவற்றையும் அரைப்படி மேலே ஏற்றியிருக்கிறார், ஏற்றி எழுதிய தனித் தாள் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டினான். தொலைந்ததைத் தானே திரும்ப எழுதினான். ஒவ்வொரு ஸ்வரத்தையும் அரைப்படி மேலே தள்ளி, அழகான கையெழுத்தில்.

எழுதுவது சுலபம், வாசிப்பதற்குத்தான் பிராணன் போயிற்று. மூன்றாம் பாகத்தில் ஒரு இடம். இரண்டு தந்திகளை ஒரே வில்லில் இழுத்துக்கொண்டே மேலே மேலே ஓட வேண்டும். அரைப்படி தள்ளியதும் விரல்களை அகட்டி, முறுக்கி, கையைச் சுளுக்கிக்கொள்ளாமல் அதை வாசிக்க வழியில்லை. எலி விடாப்பிடியாகச் சாதகம் பண்ணினான். விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தான்.

குழுவை நடத்துகிறவரை எல்லோரும் கண்டக்டரம்மா என்பார்கள். விசில் ஒன்றுதான் குறை என்று எலி சொல்வான். கறாரான பெண்மணி, ஆனால் காது தங்கம். உருப்படியை இந்தப் பருவத்துக் கச்சேரியிலேயே போடலாம் என்று சம்மதித்துவிட்டார். முன்னால் நின்று வாசிக்கிற உரிமை வழக்கப்படி தலைவருக்குத்தான். ஆனாலும் அந்த அம்மா நியாயம் பார்த்தார்.

"கண்டெடுத்தது அவன். முதல்ல அவன் வாசிக்கட்டும். செவ்வாய்க்கிழமை என் ரூம்ல கேக்குறேன். அவனுக்கு வரலைன்னா நீங்க" என்று தலைவரிடம் சொன்னார்.

'வரலைன்னா நீங்க.' அந்தச் சொல் தலைவரின் காதுக்குள் போன பூச்சியாகக் குடைய ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் சும்மா இருந்தார். மேஜைமேல் எலி விட்டுப்போயிருந்த பழைய தாளின் நகல் கிடந்தது. சும்மா ஒரு பார்வை பார்ப்போம் என்று வயோலாவை எடுத்து, எழுதியிருந்தபடியே, கீழ்ச் சுருதியிலேயே வாசித்தார். அந்தச் சண்டாளப் பகுதி வந்தது. வழுக்கிக்கொண்டு போயிற்று. விரல் வைக்காத வெறும் தந்தி ஒன்று கூடவே ரீங்காரம் போட, பக்கத்துத் தந்தியில் விரல்கள் தாமாக ஓடின. எழுதின மனுஷன் வெறும் தந்தியை நம்பித்தான் அந்த இடத்தையே எழுதியிருக்கிறான். தலைவருக்குப் பொறி தட்டியது. தந்தி முறுக்குகிற பிருடைகளைப் பிடித்து நாலு தந்தியையும் அரைப்படி ஏற்றினார். மறுபடியும் அதே தாளை, அதே விரலில் வாசித்தார். இப்போது கேட்டது குழுவின் சுருதி. தந்தி இறுகியதில் வாத்தியத்தின் குரலும் பளிச்சென்று எழும்பி வந்தது.

அந்தக் காலத்து ஆட்கள் செய்கிற வேலைதான் இது. மாணவனாக இருக்கும்போதே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற சங்கதி, எலிக்கும் தெரிந்ததுதான். பியானோ பிரதியும் அவனாகக் கட்டிய வரலாறும் சேர்ந்து அவன் கண்ணை மறைத்துவிட்டன. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற கதை. மாற்றி எழுத வேண்டியதே இல்லை, தந்தியை ஏற்றிக் கட்டினால் போதும்.

பக்கத்து அறையில் அவர் மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தையற்கடை வைத்திருக்கிறவள், ஞாயிற்றுக்கிழமையும் கத்தரிக்கோல் ஓயாது. அன்றைக்கு ஓய்ந்தது.

"இது தம்பியோட பாட்டுதானே?" என்று அங்கிருந்தே கேட்டாள். "அவன் வாசிச்சா மரம் அறுக்குற மாதிரி இருந்துச்சு. நீங்க வாசிச்சா இப்படி இருக்கு!"

"தந்தியை ஏத்திக் கட்டணும்மா. அவனுக்கு அது தோணலை."

"அப்ப உடனே சொல்லிடுங்க. பாவம், கையெல்லாம் புண்ணு."

"சொல்றேன்" என்றார் தலைவர்.

சொல்லக் கூடாது என்று அவர் நினைக்கவே இல்லை. இதை மட்டும் அவர் பக்கம் நின்று நாம் சொல்லிவிட வேண்டும். போனைக் கையில் எடுத்தார். நாளைக்கு நேரில் பார்க்கத்தானே போகிறோம், வாசித்தே காட்டினால் பிரமித்துப்போவான் என்று தோன்றியது. போனைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு மத்தியானம் முழுக்க அந்த உருப்படியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் மூன்றாம் பாகம் மனப்பாடமாகிவிட்டது.

திங்கட்கிழமை ஒத்திகையில் எலி கண்ணெல்லாம் சிவந்து வந்து உட்கார்ந்தான். இரண்டு விரலில் பிளாஸ்திரி. தலைவர் வாயைத் திறந்தார். கண்டக்டரம்மா கோலைத் தூக்கிவிட்டார். இடைவேளை வந்தது. தேநீர் கோப்பையோடு இருவரும் நடைவழியில் ஜன்னலோரம் நின்றார்கள். சொல்ல வேண்டியவர் மென்று விழுங்கிக்கொண்டிருக்க, கேட்க வேண்டியவனே கேட்டான்.

"மாமா, அந்த மூணாம் பாகம் இருக்கே, ஓட்டம். செத்தாலும் வர மாட்டேங்குது. நீங்களா இருந்தா எப்படி விரல் வெப்பீங்க?"

ஒரே ஒரு வாக்கியம். தந்தியை அரைப்படி ஏத்துடா. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"பெருவிரலைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சுப் பாரு" என்றார் தலைவர்.

தன் குரலைத் தானே கேட்டார். நிதானமான, அக்கறையான குரல். எலி கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையைக் காற்றில் பிடித்து, பெருவிரலைக் கீழே இறக்கிப் பார்த்தான். "ஆமாம்ல! கை கொஞ்சம் இளகுது. நன்றி மாமா" என்றான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் தலைவர் கழுவுகிற சாக்கில் கோப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை நடந்தது பார்க்கச் சகிக்கவில்லை. முதல் பாகம் எலி தட்டுத்தடுமாறிக் கடந்தான். இரண்டாம் பாகத்தில் கண்டக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், அவன் வில்லில் அப்படி ஒரு இழைவு. மூன்றாம் பாகத்தில் அந்த இடம் வந்ததும் விரல்கள் பின்னிக்கொண்டன. நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். மறுபடி நின்றது. மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைவர் பார்த்தது அவன் இடது கையை மட்டும்தான். பெருவிரல் ஒழுங்காகக் கீழே இறங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றான் எலி, வாத்தியத்தைத் தாழ்த்திக்கொண்டு. "எனக்குக் கை பத்தலை. மாமா வாசிக்கட்டும். மாமா வாசிச்சாதான் இதுக்கு மரியாதை."

அடுத்த வாரம் எலி அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தலைவர் வயோலாவை எடுத்து, ஏற்றிக் கட்டிய தந்தியில் வாசித்துக் காட்டினார். எலி எழுந்தே நின்றுவிட்டான். தலையில் அடித்துக்கொண்டான். வாயெல்லாம் பல்.

"அட கூமுட்டை! நான்தான் கூமுட்டை! ஏத்திக் கட்டுறது! இதுகூடத் தோணாதவனுக்கு இதை வாசிக்க என்ன யோக்யதை! மாமா, எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"நேத்துதான்" என்றார் தலைவர். "சும்மா தோணுச்சு."

பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். தம்பிக்கு இன்னும் கொஞ்சம் போட்டாள், அவருக்குப் போட மறந்துவிட்டாள்.

எலி போன பிறகு அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின. தலைவர் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"நேத்தா?" என்றாள் அவள், திரும்பாமலே.

"சொல்லணும்னுதான் இருந்தேன். நேரம் அமையலை."

"அந்தச் செவ்வாய்க்கிழமை என் தம்பி எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? பருவம் முடிஞ்சதும் குழுவை விட்டுட்டுப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்கப் போறானாம். இத்தனை வருஷமா தனக்குக் கை இருக்குன்னு நினைச்சு ஏமாந்துட்டானாம். என் கடையில வந்து உக்காந்து அழுதான். அவன் கையில என்ன குறை? நீங்க சொல்லுங்க, நீங்கதானே தலைவர்."

தலைவர் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த பாத்திரத்தை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "நான் சொன்னா, அது நான் சொன்னதா ஆயிடும். உங்க வாயாலதான் சொல்லணும்."

"கச்சேரி முடியட்டும்."

"கச்சேரி முடியும்" என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் அவள் வேலைக்கு வேண்டிய அளவுதான் பேசினாள். கச்சேரிக்கான அறிமுகக் குறிப்பை எலி எழுதினான், வேறு யார் எழுதுவார்கள்? தலைவர் அச்சான தாளைப் பிரித்துப் பார்த்தார். அவன் கண்டெடுத்த விவரம் ஒரே வரியில் இருந்தது. 'இதன் புதிரை அவிழ்த்தவர் எங்கள் வயோலாத் தலைவர். அவர் காது இல்லாவிட்டால் இந்த இசை இன்னும் ஊமையாகவே கிடந்திருக்கும்' என்பதற்கு மூன்று வரி. தலைவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்தச் சட்டையை அப்புறம் அவர் போடவே இல்லை.

கச்சேரி இரண்டு நாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று, ஞாயிறு மத்தியானம் அதே நிகழ்ச்சி மறுபடியும். சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. தலைவர் முன்னால் வந்து நின்றார், வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லா விளக்கும் தன்மேல் விழ. அவருடைய நாற்காலியில் வழக்கப்படி எலி நகர்ந்து உட்கார்ந்திருந்தான். கைக்கெட்டும் தூரம்.

முதல் பாகம் பிரமாதமாகப் போயிற்று. இரண்டாம் பாகத்தில் சபை மூச்சுவிட மறந்தது. பாழாய்ப்போன மனசு, அந்த நேரத்திலும் சந்தோஷப்பட்டது. இதுதான், இதற்காகத்தான் பிறந்தோம் என்றுகூட நினைத்தது. அடுத்த நொடியே அது எலி தும்மித் தும்மிப் பொறுக்கிய ஸ்வரம் என்பது நினைவுக்கு வந்து வில்லுக்குள் நடுங்கியது. கேட்டவர்கள் அந்த நடுக்கத்தையும் இசையின் பாவம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் பாகத்தில், அந்த ஓட்டத்துக்குச் சற்று முன்னால், மேல் தந்தி பட்டென்று அறுந்து அவர் கன்னத்தில் அடித்தது.

ஏற்றிக் கட்டிய தந்திக்கு அந்த அபாயம் எப்போதும் உண்டு. இப்படி ஆனால் என்ன செய்வது என்பதற்கும் வழக்கம் உண்டு. முதல் நாற்காலிக்காரன் தன் வாத்தியத்தை நீட்ட வேண்டும், வாசிக்கிறவர் அதை வாங்கித் தொடர வேண்டும். ஆனால் குழுவில் இருக்கிற வயோலா எல்லாமே சாதாரண சுருதியில் அல்லவா இருக்கும்! வாங்கினால் இவர் அரைப்படி கீழே, குழு அரைப்படி மேலே, ஊர் சிரித்துவிடும். தலைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எலி குனிந்தான். தன் நாற்காலிக்கு அடியிலிருந்து இன்னொரு வயோலாவை எடுத்தான். மாணவனாக இருந்தபோது வைத்திருந்த பழைய வாத்தியம், வார்னிஷ் உரிந்தது. எழுந்து நீட்டினான். உதட்டை மட்டும் அசைத்து, "ஏத்தித்தான் கட்டியிருக்கேன் மாமா" என்றான்.

வாங்கி வாசித்தார். நாலு தந்தியும் கச்சிதமாக நின்றன. ஏற்றிக் கட்டிய தந்தி உடனே நிலைக்காது, நாள்கணக்கில் இழுத்து இழுத்து மறுபடி மறுபடி முறுக்கினால்தான் நிற்கும். வாசித்துக்கொண்டே தலைவர் அதை நினைத்தார். எத்தனை ஒத்திகைக்கு இதைத் தூக்கிக்கொண்டு வந்து காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! அறுந்தால் மாமா தவிக்கக் கூடாது என்று. அந்த ஓட்டம் வந்தது. வெறும் தந்தி ரீங்காரம் போட, எலியின் வாத்தியத்தில் எலியின் இசை ஓடிற்று. விரல்கள் தலைவருடையவை, அவ்வளவுதான். சபை எழுந்து நின்று தட்டியது. அவர் குனிந்து வணங்கியபோது கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது, நெகிழ்ந்துவிட்டார் மனுஷன் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

மேடைக்குப் பின்னால் வாத்தியப் பெட்டிகள் வைக்கிற அறையில், எல்லோரும் கிளம்பிக்கொண்டிருக்க, எலி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலைவரின் வயோலாவுக்குப் புதுத் தந்தி போட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்குள்ள கொஞ்சம் இழுத்துக்கும் மாமா. எதுக்கும் பழசு அடியில இருக்கும், கவலைப்படாதீங்க. கன்னத்துல மருந்து ஏதாவது போட்டீங்களா?"

தலைவர் அவன் எதிரில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"மாப்ள, நேத்துதான் தோணுச்சுன்னு அன்னிக்குச் சொன்னேனே, அது அப்படி இல்ல."

"எது?"

"தந்தி. ஏத்திக் கட்டுறது. நீ அந்தம்மா முன்னாடி வாசிச்சியே செவ்வாய்க்கிழமை. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்."

எலி பிருடையைத் திருகுவதை நிறுத்தவில்லை. இரண்டு சுற்றுத் திருகினான். பிறகு கை நின்றது.

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா."

"நான் திங்கக்கிழமை உங்களைக் கேட்டேனே."

தலைவர் தான் உட்கார்ந்திருந்த பெட்டியின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார்.

"ஜன்னல்கிட்ட நின்னு கேட்டேன். எப்படி விரல் வெப்பீங்கன்னு." எலி தன் இடது கையைத் தூக்கி, முதல் தடவை பார்க்கிறவனைப் போலப் பார்த்தான். "பெருவிரலை இறக்கச் சொன்னீங்க. ராத்திரி பூரா பெருவிரலை இறக்கி இறக்கி வாசிச்சேன்."

"மாப்ள, பொறாமை. வேற ஒண்ணுமில்ல. ஒரு தடவையாவது முன்னாடி நிக்கணும்னு…"

"நின்னுக்கங்களேன்! கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" அவன் குரல் உடைந்தது. பெட்டிகளை மூடிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக வெளியே போனார்கள். "பாட்டைக் குடுத்தா போச்சு. என் கை சரியில்லைன்னு என்னையே நம்ப வெச்சுட்டீங்களே. இந்தக் கையை வெட்டிப் போடலாமான்னு இருந்துச்சு எனக்கு. அக்காகிட்ட உக்காந்து அழுதேன்."

"தெரியும்."

"அதுவும் தெரியுமா?"

எலி புதுத் தந்தியை முழுசாக முறுக்கி முடித்தான், பாதியில் விடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. தலைவரின் வயோலாவைத் துடைத்து அவர் பெட்டியில் வைத்து மூடினான். தன் பழைய வாத்தியத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"நாளைக்கு நான் வாசிக்கிறேன்" என்றான். கேட்கிற தொனி இல்லை அதில். "நீங்களா குடுக்குறதா நினைச்சுக்காதீங்க. அது என் உருப்படி."

தலைவர் அப்படியே எழுந்து கண்டக்டரம்மாவின் அறைக்குப் போய், கதவைத் தட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மா காதணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார்.

"காலையில அவனை வரச் சொல்லுங்க, கேக்குறேன்" என்றார். இன்னொரு காதணியையும் கழற்றி வைத்துவிட்டு, "உங்களைப் பத்தி நான் என்னென்னவோ நினைச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னார். சொல்லிவிட்டேன் என்று. அவள் "ம்" என்றாள். சாப்பாடு போட்டாள், எதிரில் உட்காரவும் செய்தாள். நல்ல காரியம் செய்தீர்கள் என்று அவள் சொல்வாள் என்று ஒரு நப்பாசை அவருக்கு இருந்தது. அவள் மோரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம் தலைவர் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். உள்பக்கம், எலியின் இடத்தில், இரண்டாவது ஸ்டாண்டுக்காரப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். நல்லவள்தான், பக்கத்தைக் கொஞ்சம் தாமதமாகப் புரட்டினாள். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி தெரிந்தாள். கையில் கைக்குட்டை தயாராக இருந்தது. தலைவர் தன் வயோலாவை மேல் சுருதியிலேயே வைத்துக்கொண்டு, குழுவின் தாளை மனசுக்குள் அரைப்படி இறக்கி இறக்கி வாசித்தார். எலியின் தந்தி அறுந்தால் நீட்ட வேண்டுமே. ஒத்திகை பார்க்காமல் அப்படி வாசிப்பது மண்டையைப் பிளக்கிற வேலை. அந்த வேலை இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

தந்தி அறுந்துபோகவில்லை. அறுந்துவிடாதா, அவன் கையை நீட்டி வாங்க மாட்டானா என்று அவர் உள்ளூர ஏங்கினார். எலி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் பாகம் வந்தது, அந்த ஓட்டம் வந்தது. தலைவர் வாசித்ததைவிட அவன் நன்றாக வாசித்தான். தலைவருக்குத் தங்கக் காது இல்லாவிட்டாலும் அது தெரியாத காது இல்லை. அவர் சாமர்த்தியமாகக் கடந்த இடத்தில் அவன் நின்று, நிதானமாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தொட்டுவிட்டுப் போனான். எங்கே கிடந்ததை எடுத்தோம் என்று தெரிந்தவனின் வாசிப்பு. பெருவிரல் வாத்தியத்தின் கழுத்தில் அதன் இடத்தில் இருந்தது, மேலே.

கைத்தட்டல் ஓய்கிற வழியாக இல்லை. முன்னால் நின்று வாசித்தவர் கண்டக்டருக்குக் கை கொடுத்து, முதல் வயலினுக்குக் கை கொடுத்து, அப்புறம் தன் வாத்தியத்தின் தலைவருக்கும் கை கொடுப்பது வழக்கம். எலி அந்த வழக்கத்தை மீறவில்லை. முகமெல்லாம் வேர்வையாக வந்தான். தலைவர் எழுந்து நின்றார். எத்தனையோ சொல்ல நினைத்து, "மாப்ள" என்று மட்டும் வாய்க்கு வந்தது.

எலி அவர் கையைப் பிடித்து, மரியாதையாக ஒரு குலுக்குக் குலுக்கினான்.

"ரொம்ப நன்றி, சார்" என்றான்.